லிங்க் மட்டும் போனால் போதுமா? பிரவுசரும் டவுன்லோட் மேனேஜரும் பேசிக்கொள்ளும் கதை

700 எம்பி இருக்க வேண்டிய ஜிப் கோப்பு 14 கேபியில் வந்து உட்கார்ந்திருந்தது. டவுன்லோட் மேனேஜர் 'முடிந்தது' என்று பச்சை டிக் வேறு போட்டிருந்தது. திறந்தால் கோப்பு பழுதாகியுள்ளது என்று செய்தி. திரும்பப் போட்டாலும் அதே 14 கேபி. பிரவுசரிலேயே நேராகச் சேமித்தால் மட்டும் முழுக் கோப்பும் ஒழுங்காக இறங்கியது.

மேனேஜரை அழித்துவிட்டு மறுபடி நிறுவினேன். இணைப்புகளின் எண்ணிக்கையைக் குறைத்தேன். ஆன்டிவைரஸைச் சந்தேகப்பட்டேன். ஒரு மாலை முழுவதும் போனது. கடைசியில் அந்த 14 கேபி கோப்பை நோட்பேடில் இழுத்துப் போட்டுப் பார்த்தேன். உள்ளே ஜிப்பே இல்லை. ஒரு வலைப்பக்கத்தின் எச்டிஎம்எல் இருந்தது. நடுவில் 'உள்நுழையவும்' என்று ஒரு பட்டன். பிரவுசரில் நான் லாகின் செய்திருந்தேன், மேனேஜர் செய்திருக்கவில்லை. சர்வர் 'நீ யார்' என்று கேட்டு லாகின் பக்கத்தை நீட்டியிருக்கிறது. மேனேஜர் அதையே வாங்கி, ஜிப் என்று பெயர் வைத்துச் சேமித்துவிட்டது.

பிரவுசரையும் வெளியே தனியாக ஓடும் டவுன்லோட் மேனேஜரையும் சேர்த்துவைக்கும் எக்ஸ்டென்ஷன்களைப் பற்றிப் பேச்செடுத்தால், எவ்வளவு வேகம், எத்தனை துண்டு என்றுதான் பேச்சு போகும். எனக்கு அது இரண்டாம்பட்சம். லிங்க்கை மட்டுமல்லாமல், அதைக் கிளிக் செய்தது யார் என்பதையும் சேர்த்துக் கைமாற்றுவதுதான் அந்த எக்ஸ்டென்ஷனின் உண்மையான வேலை. அது சரியாகப் போகாவிட்டால் 14 கேபி ஜிப் வரும். சரியாகப் போனால் வேறொரு கவலை வரும். அதைக் கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்.

இன்னும் எதற்கு மேனேஜர்?

டயல்-அப் காலத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. 56கே மோடம் நன்றாக ஓடினால் நொடிக்கு 5 கேபி வரும். 700 எம்பி சிடி இமேஜ் ஒன்று இறங்க ஏறக்குறைய 40 மணி நேரம். நடுவில் யாராவது போனை எடுத்தால் எல்லாம் முதலிலிருந்து. அதனால் மேனேஜரின் முதல் வேலை வேகம் அல்ல, விட்ட இடத்திலிருந்து தொடர்வது.

அதற்கு வழி செய்தது, பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் விதிமுறையான எச்டிடிபியின் 1.1 பதிப்பு. 1997-இல் வெளியான அந்த வரையறையில் 'ரேஞ்ச்' என்ற தலைப்பு வரி முறையாக இடம்பெற்றது. 'எனக்கு முழுக் கோப்பு வேண்டாம், 50,00,000-ஆவது பைட்டிலிருந்து கொடு' என்று கேட்கலாம். சர்வருக்கு அது புரிந்தால் 206 என்ற எண்ணோடு அந்தப் பகுதியை மட்டும் அனுப்பும். புரியாவிட்டால், அல்லது பிடிக்காவிட்டால், 200 என்று சொல்லி முழுக் கோப்பையும் முதலிலிருந்து அனுப்பும். இடையில் கோப்பே மாறிவிட்டால் என்ன செய்வது? அதற்கு 'ஈடேக்' என்ற அடையாளச் சரம் இருக்கிறது. அது மாறியிருந்தால் பழைய பாதியையும் புதிய பாதியையும் ஒட்டக் கூடாது என்று மேனேஜருக்குத் தெரிந்துவிடும்.

நடுவிலிருந்து கேட்க முடியும் என்றால், ஒரே நேரத்தில் நான்கு இடங்களிலிருந்தும் கேட்கலாம். அங்கேதான் 'வேகம் கூட்டும்' விளம்பரங்கள் ஆரம்பித்தன. அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. இணையத்தில் டேட்டாவைக் கொண்டுசேர்க்கும் டிசிபி இணைப்பில், 'கிடைத்தது' என்ற பதில் சீட்டு வராமல் எவ்வளவு டேட்டாவை அனுப்பி வைக்கலாம் என்பதற்கு ஓர் அளவு உண்டு. பழைய கணினிகளில் அது 64 கேபி. சர்வர் தூரத்தில் இருந்து, ஒரு சுற்றுப் போய்வர 200 மில்லி நொடி ஆனால், நொடிக்கு 5 சுற்றுதான். ஐந்தையும் 64-ஐயும் பெருக்கினால் 320 கேபி. உங்கள் லைன் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் ஓர் இணைப்பு அதைத் தாண்டாது. எட்டு இணைப்பு போட்டால் எட்டு மடங்கு. மந்திரம் எதுவும் இல்லை, கணக்குத்தான்.

இந்த 64 கேபி எல்லையை உடைக்கும் வழி 1992-இலேயே வரையறுக்கப்பட்டது. விண்டோஸ் விஸ்டாவிலிருந்து கணினியே அந்த அளவைத் தானாகக் கூட்டிக் குறைத்துக்கொள்கிறது. ஆகவே அருகில் இருக்கும் நல்ல சர்வரிலிருந்து எடுக்கும்போது ஓர் இணைப்பே உங்கள் லைனை நிரப்பிவிடும். 16 துண்டு போட்டு ஒன்றும் கூடப்போவதில்லை. தூரத்துச் சர்வர், பாக்கெட் தொலையும் வயர்லெஸ் லைன், இணைப்புக்கு இவ்வளவு என்று வேகத்தை அடக்கி வைத்திருக்கும் தளம், இந்த மூன்றிலும் இன்னும் வித்தியாசம் தெரியும். மூன்றாவதில் நீங்கள் செய்வது கிட்டத்தட்ட வரிசையில் எட்டுப் பேராக நிற்பது. சர்வர்காரர்களுக்கு அது பிடிக்காது. 1999-இல் வந்த எச்டிடிபி வரையறை, ஒரு பயனரின் மென்பொருள் ஒரு சர்வருக்கு இரண்டு இணைப்புகளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்றே அறிவுறுத்தியது. பிறகு அந்த வரம்பு நீக்கப்பட்டது. பிரவுசர்கள் எச்டிடிபி 1.1-இல் ஒரு சர்வருக்கு ஆறு வரை போகின்றன. ஏரியா2 என்ற கட்டற்ற மேனேஜர், நீங்கள் மாற்றாவிட்டால், சர்வருக்கு ஒன்றே ஒன்றுதான் திறக்கும். எவ்வளவு கூட்டினாலும் 16-க்கு மேல் விடாது. எழுதியவருக்கு நாகரிகம் தெரிந்திருக்கிறது.

என்னைக் கேட்டால் நான்கு போதும். மேனேஜரை நான் வைத்திருப்பது வேகத்துக்காக இல்லை. வரிசையில் போட்டுவிட்டு மறந்துவிடலாம், லைன் அறுந்தால் அதுவே தொடரும், பிரவுசரை மூடினாலும் நிற்காது. பிரவுசருக்கும் தொடரத் தெரியும் என்பார்கள். தெரியும்தான், ஆனால் ஒரு முறை 'தோல்வி' என்று போட்டுவிட்டால் பல நேரம் பாதியில் நின்ற கோப்பைத் தூக்கி எறிந்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

கிளிக்கோடு என்னவெல்லாம் போகிறது

சரி, மேனேஜர் வேண்டும். லிங்க்கை காப்பி செய்து அதில் ஒட்டினால் போதாதா? பொதுவில் திறந்து கிடக்கும் கோப்பு என்றால் போதும். லினக்ஸ் நிறுவல் கோப்பு (ஐஎஸ்ஓ) ஒன்றை எடுக்க எந்த எக்ஸ்டென்ஷனும் தேவையில்லை.

லாகினுக்குப் பின்னால் இருக்கும் கோப்பு என்றால் கதை மாறுகிறது. நீங்கள் லிங்க்கைத் தட்டும்போது பிரவுசர் முகவரியை மட்டும் அனுப்புவதில்லை. தளம் பிரவுசரில் விட்டுவைத்த சின்னக் குறிப்புகளான குக்கீகள் போகின்றன, 'இவர் ஏற்கெனவே உள்ளே வந்தவர்' என்று சொல்வது அவைதான். எந்தப் பக்கத்திலிருந்து வந்தீர்கள் என்பது 'ரெஃபரர்' வரியில் போகிறது. (இந்த வரியின் பெயரில் ஆங்கிலத்தில் ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கிறது. 1996-இல் வெளியான எச்டிடிபி ஆவணத்தில் அப்படியே அச்சாகிவிட்டது. இன்றுவரை உலகத்தின் எல்லாச் சர்வர்களும் அந்த எழுத்துப் பிழையைத்தான் எதிர்பார்க்கின்றன.) எந்தப் பிரவுசர், எந்தப் பதிப்பு என்பது 'யூசர் ஏஜென்ட்' வரியில் போகிறது. சில தளங்களில் கோப்பு வருவது லிங்க்கால்கூட இல்லை. படிவம் ஒன்றைச் சமர்ப்பித்து 'போஸ்ட்' முறையில் கேட்டால்தான் வரும். அப்போது படிவத்தின் உள்ளடக்கமும் சேர்ந்து போக வேண்டும்.

இவை எல்லாவற்றையும் பொட்டலம் கட்டி மேனேஜர் கையில் கொடுப்பதுதான் எக்ஸ்டென்ஷனின் வேலை. குக்கீயில் ஒரு நுணுக்கம் உண்டு. முக்கியமான லாகின் குக்கீகளுக்கு 'எச்டிடிபி-ஒன்லி' என்று முத்திரை இருக்கும். பக்கத்தில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் அவற்றைத் தொட முடியாது. எக்ஸ்டென்ஷன் தொட முடியும், குக்கீ அனுமதி வாங்கியிருந்தால். பின்னால் சொல்லப்போகும் கவலை இங்கேதான் பிறக்கிறது.

சுவரில் ஒரு துளை

பிரவுசர் தன் எக்ஸ்டென்ஷன்களைக் கூண்டுக்குள் வைத்திருக்கிறது. அவற்றால் உங்கள் கணினியில் இன்னொரு புரோகிராமைத் தாமாக ஓட்ட முடியாது. வெளியே இருக்கும் மேனேஜரும் பிரவுசருக்குள் எட்டிப் பார்க்க முடியாது. இந்தச் சுவரில் துளை போட்ட விதம் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது.

ஆரம்பத்தில் மேனேஜர்கள் கிளிப்போர்டைக் கவனித்துக்கொண்டு காத்திருந்தன. லிங்க்கை நீங்கள் காப்பி செய்தவுடன் பாய்ந்து வரும். அப்புறம் நெட்ஸ்கேப் காலத்து பிளக்-இன் முறையான என்பிஏபிஐ. அதில் வருவது கூண்டே இல்லாமல் கணினியில் நேராக ஓடும் நேட்டிவ் கோட், என்ன வேண்டுமானாலும் செய்யலாம். பாதுகாப்புக் கோணத்தில் அது ஒரு திறந்த வீடு. குரோம் 2015 செப்டம்பரில் 45-ஆம் பதிப்போடு அதைத் தூக்கியது. ஃபயர்ஃபாக்ஸ் 2017 மார்ச்சில் ஃபிளாஷைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நிறுத்தியது.

ஃபயர்ஃபாக்ஸ் பக்கம் இன்னொரு பொற்காலமும் இருந்தது. பக்கங்களின் ஸ்கிரிப்ட்டுகளைத் தடுக்கும் நோஸ்கிரிப்ட்டை எழுதிய ஜோர்ஜியோ மாவோனேதான் ஃபிளாஷ்காட் என்ற எக்ஸ்டென்ஷனையும் எழுதினார். அது தானாக எதையும் இறக்காது. நிறுவியிருக்கும் டவுன்லோட் மேனேஜர்களைக் கண்டுபிடித்து அவற்றிடம் லிங்க்குகளைத் தள்ளிவிடும், அவ்வளவுதான். தரகர் வேலை என்றாலும் கச்சிதமான தரகர். 2017 நவம்பர் 14 அன்று ஃபயர்ஃபாக்ஸ் 57 வந்து பழைய வகை எக்ஸ்டென்ஷன்களை மொத்தமாக நிறுத்தியபோது அதுவும் நின்றது. மேனேஜரையே பிரவுசருக்குள் வைத்திருந்த டவுன்தெம்ஆல் புதிய முறைக்குத் திருப்பி எழுதப்பட்டுப் பிழைத்தது, ஆனால் பழைய பலத்தில் பாதி போயிற்று.

இன்றைய துளையின் பெயர் நேட்டிவ் மெசேஜிங். கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். மேனேஜரை நிறுவும்போது அது ஒரு சின்ன ஜேசன் கோப்பை (பெயரும் மதிப்புமாக எழுதும் உரை வடிவம்) உங்கள் கணினியில் வைக்கிறது. என் பெயர் இது, என் புரோகிராம் இந்த இடத்தில் இருக்கிறது, இந்த அடையாள எண் கொண்ட எக்ஸ்டென்ஷன் மட்டும் என்னைக் கூப்பிடலாம் என்று அதில் எழுதியிருக்கும். விண்டோஸில் அந்தக் கோப்பு எங்கே என்பதை அதன் அமைப்புப் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் பதிவு செய்ய வேண்டும். லினக்ஸிலும் மேக்கிலும் குறிப்பிட்ட ஃபோல்டரில் வைத்தால் போதும். குரோமில் அனுமதிப் பட்டியலில் நட்சத்திரக் குறி போட்டு 'யார் வேண்டுமானாலும் வரலாம்' என்று எழுத இடமில்லை. பெயர் சொல்லித்தான் அழைக்க வேண்டும். அந்த எக்ஸ்டென்ஷன் கூப்பிட்டதும் பிரவுசர் அந்தப் புரோகிராமை ஓட்டி, இருவருக்கும் நடுவே ஒரு குழாய் போட்டுக் கொடுக்கிறது.

குழாயில் போகும் ஒவ்வொரு செய்திக்கும் முதல் நான்கு பைட்டுகள் நீளம், அதன் பிறகு ஜேசன். எளிமையான ஏற்பாடு. இதில் சறுக்காத புரோகிராமர் குறைவு. உதாரணத்துக்கு, விண்டோஸில் மேனேஜர் பக்கத்து புரோகிராம் 266 பைட் நீளமுள்ள பதிலை அனுப்புகிறது என்று வையுங்கள். 266 என்ற எண்ணை நான்கு பைட்டாக எழுதினால் 10, 1, 0, 0. அந்த 10 என்ற பைட், 'அடுத்த வரி' என்பதற்கான குறியும்கூட. வெளியீட்டை, பைட்டுகளை மாற்றாமல் அப்படியே அனுப்பும் பைனரி முறைக்கு மாற்ற மறந்திருந்தால் விண்டோஸ் உதவி செய்வதாக நினைத்து அதற்கு முன்னால் 13-ஐச் சேர்த்துவிடும். பிரவுசர் இப்போது படிப்பது 13, 10, 1, 0. அதாவது 68,109 பைட். வந்ததை வாங்கிக்கொண்டு மீதிக்காக அது காத்துக்கொண்டே இருக்கும். செய்தி 265 பைட்டாக இருந்தால் இதே கோட் ஒழுங்காக வேலை செய்யும்! சில லிங்க்குகளுக்கு வருகிறது, சிலவற்றுக்கு வரவில்லை என்ற புகார்களில் இப்படிப்பட்டவையும் உண்டு.

அதே குழாயில் யாராவது 'ஹலோ' என்று ஆங்கிலத்தில் ஒரு சோதனைச் செய்தியை அச்சிட்டுவிட்டால் இன்னும் வேடிக்கை. முதல் நான்கு எழுத்தைப் பிரவுசர் நீளம் என்று எடுத்துக்கொள்ளும். அதன் மதிப்பு 180 கோடிக்கு மேல். மேனேஜர் பக்கத்திலிருந்து வரும் செய்திக்கு 1 எம்பிதான் உச்சவரம்பு, ஆகவே குழாயை அங்கேயே வெட்டிவிடும்.

பயனர் பக்கத்தில் அடிக்கடி காணக் கிடைப்பது வேறு பிழை: 'நேட்டிவ் ஹோஸ்ட் கிடைக்கவில்லை', அதாவது எக்ஸ்டென்ஷன் கூப்பிட்ட வெளிப் புரோகிராம் கிடைக்கவில்லை. எக்ஸ்டென்ஷனை மட்டும் போட்டுவிட்டு மேனேஜரை நிறுவாதது முதல் காரணம். மேனேஜர் ஒரு பிரவுசருக்கு மட்டும் பதிவு செய்திருக்க, நீங்கள் வேறொன்றில் முயல்வது இரண்டாவது. எக்ஸ்டென்ஷனை ஸ்டோருக்கு வெளியிலிருந்து போட்டு, அடையாள எண் மாறிப்போனது மூன்றாவது. லினக்ஸில் நான்காவதும் உண்டு. உபுண்டு 21.10-இலிருந்து ஃபயர்ஃபாக்ஸ் 'ஸ்னாப்' பொட்டலமாக வருகிறது. பொட்டலத்துக்குள் இருக்கும் பிரவுசருக்கு வெளியே இருக்கும் புரோகிராமை ஓட்ட அனுமதி இயல்பாகக் கிடைப்பதில்லை, தனி ஏற்பாடு தேவைப்படுகிறது. மேனேஜரைத் திட்டுவதற்கு முன் பிரவுசர் எந்த வழியில் நிறுவப்பட்டது என்று பார்ப்பது நல்லது.

இன்னொரு வழி, மேனேஜர் உங்கள் கணினிக்குள்ளேயே ஒரு குட்டிச் சர்வராக நிற்பது. ஏரியா2 அப்படி 6800 என்ற போர்ட்டில் (கணினியின் எண்ணிட்ட கதவு) காது கொடுத்திருக்கும், ஜேடவுன்லோடர் என்ற இன்னொரு மேனேஜர் 9666-இல். எக்ஸ்டென்ஷன் அந்த உள்ளூர் முகவரிக்கு ஒரு கோரிக்கை அனுப்பினால் போதும். ரெஜிஸ்ட்ரி வேண்டாம், பைட் கணக்கு வேண்டாம். ஆனால் அந்தக் கதவை உங்கள் எக்ஸ்டென்ஷன் மட்டும்தான் தட்டும் என்று யார் சொன்னது? நீங்கள் திறக்கும் எந்த வலைப்பக்கத்தின் ஸ்கிரிப்ட்டும் உள்ளூர் போர்ட்டைத் தட்டிப் பார்க்க முயலலாம். அதனால்தான் ஏரியா2-இல் 'ஆர்பிசி சீக்ரெட்' என்று ஒரு கடவுச்சொல் வைக்கும் வசதி இருக்கிறது. இணையத்தில் கிடக்கும் பல அமைப்புக் குறிப்புகள் அதை விட்டுவிட்டு 'எல்லா இடத்திலிருந்தும் அனுமதி' என்று போடச் சொல்கின்றன. அப்படி ஒருபோதும் செய்யாதீர்கள்.

எந்த நொடியில் பிடிப்பது

டவுன்லோடை எக்ஸ்டென்ஷன் எப்போது தடுத்து வாங்குகிறது என்பதில் நிறைய இருக்கிறது.

சர்வரின் பதில் வரும்போதே தலைப்பு வரிகளைப் படித்து, 'இது பக்கம் அல்ல, சேமிக்க வேண்டிய கோப்பு' என்று முடிவு செய்து அங்கேயே நிறுத்துவது ஒரு முறை. இதற்கு, போக்குவரத்தை இடைமறித்து நிறுத்தும் அதிகாரம் வேண்டும். கூகுள் தன் புதிய எக்ஸ்டென்ஷன் விதியான மேனிஃபெஸ்ட் வி3-இல் சாதாரண எக்ஸ்டென்ஷன்களிடமிருந்து அந்த அதிகாரத்தை எடுத்துவிட்டது. குரோமில் பழைய வி2 எக்ஸ்டென்ஷன்களை நிறுத்தும் வேலை 2024-இல் தொடங்கி 2025-இல் முடிந்தது. விளம்பரத் தடுப்பான்களுக்காக எல்லோரும் சண்டை போட்டார்கள்; டவுன்லோட் எக்ஸ்டென்ஷன்களும் அதே கத்தியில் வெட்டுப்பட்டது அதிகம் பேசப்படவில்லை. ஃபயர்ஃபாக்ஸ் அந்த அதிகாரத்தை விட்டுவைத்திருக்கிறது.

ஆகவே குரோம் வகைப் பிரவுசர்களில் இன்று நடப்பது இரண்டாவது முறை: டவுன்லோட் ஆரம்பிக்கட்டும் என்று விட்டு, ஆரம்பித்த உடனே அதை ரத்து செய்து, முகவரியை மேனேஜருக்கு அனுப்புவது. ஒரு கணம் டவுன்லோட் தோன்றி மறைவதைப் பார்த்திருப்பீர்கள், அது இதுதான்.

இதில் ஒரு பொறி. பிரவுசர் ஏற்கெனவே ஒருமுறை சர்வரைக் கேட்டாயிற்று. மேனேஜர் கேட்பது இரண்டாவது முறை. ஒருமுறை மட்டும் பயன்படுத்தக்கூடிய லிங்க் என்றால் முதல் முறையிலேயே அது செல்லாக்காசாகிவிட்டது. பிரவுசரில் ரத்து, மேனேஜரில் 403, அதாவது 'அனுமதி இல்லை'. இரண்டும் போச்சு. ஒரு நாளைக்கு மூன்று டவுன்லோட் என்று எண்ணும் தளங்களில் ஒரே கோப்புக்கு இரண்டு கணக்கு விழுவதும் இப்படித்தான்.

வி3-இல் இன்னொரு மாற்றமும் இருக்கிறது. எக்ஸ்டென்ஷனின் பின்னணி ஸ்கிரிப்ட் 30 நொடி சும்மா இருந்தால் பிரவுசர் அதைத் தூங்க வைத்துவிடும். நேட்டிவ் மெசேஜிங் குழாய் திறந்திருந்தால் தூங்காது, ஆகவே பல எக்ஸ்டென்ஷன்கள் குழாயை மூடாமலே வைத்திருக்கின்றன. மேனேஜரின் துணைப் புரோகிராம் ஒன்று எப்போதும் டாஸ்க் மேனேஜரில் தெரிகிறதே என்று யோசித்தவர்களுக்கு விடை இது.

கைக்கு வராதவை

எவ்வளவு நன்றாக எழுதினாலும் சில டவுன்லோடுகளை வெளியே கொடுக்க முடியாது. 'பிளாப்' என்று தொடங்கும் முகவரிகள் அதில் முதல். அந்தக் கோப்பு எந்தச் சர்வரிலும் இல்லை. பக்கத்தின் ஸ்கிரிப்ட் பிரவுசரின் நினைவகத்துக்குள் அதை உருவாக்கியிருக்கிறது. வெளியிலிருந்து கேட்டால் கொடுக்க ஆளில்லை. உலாவியிலேயே மறைகுறி நீக்கிக் கொடுக்கும் சேமிப்புத் தளங்களும் இதே வகைதான்.

வீடியோக்களும் பெரும்பாலும் ஒற்றைக் கோப்பாக இருப்பதில்லை. சில நொடித் துண்டுகள் நூற்றுக்கணக்கில் இருக்கும், அவற்றின் பட்டியல் தனிக் கோப்பாக இருக்கும். பட்டியலைப் புரிந்துகொள்ளும் மேனேஜர் துண்டுகளை வாங்கி ஒட்டும். புரியாதது அந்தப் பட்டியலையே 4 கேபிக்குச் சேமித்து டிக் போடும். உரிமைக் காப்புப் பூட்டு இருந்தால் ஒட்டியும் ஓடாது.

நேரம் போட்டு கையெழுத்திட்ட லிங்க்குகள் இன்னொரு தலைவலி. ஒரு மணி நேரம் செல்லும் லிங்க்கை வரிசையில் போட்டுவிட்டு இரவு ஓடட்டும் என்று விட்டால், அதன் முறை வரும்போது செத்திருக்கும். நல்ல மேனேஜர்களில் 'முகவரியைப் புதுப்பி' என்று ஒன்று உண்டு: பக்கத்துக்குப் போய் மறுபடி கிளிக் செய்தால், புதிய லிங்க்கைப் பழைய பாதிக் கோப்போடு சேர்த்துக்கொள்ளும். இந்த வசதி ஒன்றுக்காகவே ஒரு மேனேஜரைத் தேர்ந்தெடுக்கலாம் என்பேன்.

அப்புறம், ஆளில்லாமல் தானாக ஓடும் நிரல்களைத் தளத்துக்குள் விடாத பாட் தடுப்பான்கள். குக்கீ, யூசர் ஏஜென்ட் எல்லாம் அப்படியே அனுப்பியும் 403 வந்தால் காரணம் பெரும்பாலும் இதுவாக இருக்கும். பாதுகாப்பான இணைப்பு தொடங்கும்போது மென்பொருள் தனக்குத் தெரிந்த மறையாக்க முறைகளை ஒரு வரிசையில் சொல்கிறது. குரோம் சொல்லும் வரிசை ஒன்று, ஏரியா2 சொல்லும் வரிசை வேறு. 'நான் குரோம்' என்று சீட்டு காட்டினாலும் பேச்சு வழக்கு காட்டிக்கொடுத்துவிடும்.

கோப்பின் பெயரிலும் ஒரு சின்ன வருத்தம். பெயர் தமிழில் இருந்தால், அதைச் சர்வர் சொல்லும் முறைக்கு 2011-இலேயே தெளிவான வரையறை உண்டு. ஆனாலும் சில மேனேஜர்கள் ஒவ்வொரு எழுத்தையும் மூன்று பைட்டாகப் பிரித்து, சதவீதக் குறியும் எண்ணுமாக ஒரு முழ நீளப் பெயரைச் சேமிக்கின்றன. எக்ஸ்டென்ஷன் சரியான பெயரைத் தனியாக அனுப்பினால் தப்பிக்கலாம்.

சாவிக்கொத்து

இப்போது அந்தக் கவலை. எக்ஸ்டென்ஷன் எல்லாத் தளங்களின் குக்கீகளையும் படிக்கலாம், எல்லா டவுன்லோடுகளையும் பார்க்கலாம், உங்கள் கணினியில் ஒரு புரோகிராமோடு பேசலாம். இந்த மூன்றும் சேர்ந்தால் அது ஒரு சாவிக்கொத்து. லாகின் குக்கீயை எடுத்தவருக்குக் கடவுச்சொல்லும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம்; அவர் ஏற்கெனவே உள்ளே இருக்கிறார். நல்ல எக்ஸ்டென்ஷன் கிளிக் செய்த தளத்தின் குக்கீயை மட்டும் எடுத்துக் கொடுக்கும். ஆனால் அனுமதி எல்லாத் தளத்துக்கும்தான் வாங்கப்பட்டிருக்கிறது.

எக்ஸ்டென்ஷன்கள் கைமாறும். தி கிரேட் சஸ்பெண்டர் என்ற புகழ்பெற்ற குரோம் எக்ஸ்டென்ஷன் 2020-இல் வேறொருவருக்கு விற்கப்பட்டது. 2021 பிப்ரவரியில் தீங்கு நிரல் இருப்பதாகச் சொல்லி கூகுள் அதை நீக்கியது. மேனேஜர் பக்கமும் சுத்தம் என்று சொல்ல முடியாது. ஃப்ரீ டவுன்லோட் மேனேஜரின் இணையதளத்திலிருந்து லினக்ஸ் பதிப்பை எடுக்கப் போன சிலர், 2020 முதல் 2022 வரை, கடவுச்சொற்களைத் திருடும் நிரல் கலந்த வேறு பொட்டலத்துக்குத் திருப்பிவிடப்பட்டதை பாதுகாப்பு நிறுவனமான காஸ்பர்ஸ்கி 2023 செப்டம்பரில் வெளியிட்டது. எல்லோரையும் அல்ல, சிலரை மட்டும். அதனால்தான் அவ்வளவு காலம் வெளியே தெரியவில்லை.

கைமாற்றும் வழியிலேயே கசியவும் கூடும். சில எக்ஸ்டென்ஷன்கள் மேனேஜரைக் கட்டளை வரியில் அழைத்து, குக்கீயை அதன் பின்னாலேயே எழுதிவிடும். லினக்ஸில் ஓடிக்கொண்டிருக்கும் கட்டளைகளை அதே கணினியின் மற்றப் பயனர்களும் பொதுவாகப் பார்க்கலாம். தனியாள் கணினியில் பரவாயில்லை, பலர் புழங்கும் சர்வரில் கூடாது. மேனேஜரின் லாக் கோப்பையும் ஒருமுறை திறந்து பாருங்கள். குக்கீ முழுசாக அங்கே பதிவாகியிருந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

பலரும் கவனிக்காத இன்னொன்று. பிரவுசர் வழியாக இறங்கும் கோப்புக்கு விண்டோஸில் 'இணையத்திலிருந்து வந்தது' என்று கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி ஒட்டப்படுகிறது. 2004-இல் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2 காலத்திலிருந்து இருக்கும் ஏற்பாடு. அந்தக் குறியைப் பார்த்துத்தான் விண்டோஸின் பாதுகாப்பு வசதியான ஸ்மார்ட்ஸ்கிரீன் எச்சரிக்கிறது, ஆஃபீஸ் மேக்ரோக்களை முடக்குகிறது. மேக்கிலும் 'குவாரன்டைன்' என்று இதே வகைக் குறி உண்டு. இதை ஒட்டுவது கோப்பை இறக்கும் மென்பொருளின் பொறுப்பு. கர்ல் போன்ற கட்டளை வரிக் கருவிகள் ஒட்டுவதில்லை, மேனேஜர்களில் சில ஒட்டும், சில ஒட்டாது. பிரவுசர் கடைசியில் செய்யும் தீங்குக் கோப்புச் சோதனையும் வெளியே போன டவுன்லோடுக்கு நடக்காது. ஆகவே புரோகிராம்களை மேனேஜர் வழியாக எடுத்தால், தளத்தில் கொடுத்திருக்கும், கோப்பின் கைரேகை போன்ற எஸ்எச்ஏ-256 எண்ணோடு ஒப்பிட்டுவிடுங்கள். ஒரு நிமிட வேலை.

இவ்வளவும் தெரிந்த பிறகும் நான் எக்ஸ்டென்ஷனை நீக்கவில்லை. தானாகப் பிடிக்கும் வசதியைத்தான் நிறுத்திவைத்தேன். வேண்டும்போது வலது கிளிக் செய்து அனுப்புகிறேன். டவுன்லோடுக்கென்று பிரவுசரில் தனி புரொஃபைல் ஒன்று. எக்ஸ்டென்ஷன் அதில் மட்டும். வங்கியும் மின்னஞ்சலும் இருக்கும் புரொஃபைலில் அதற்கு வேலை இல்லை. தானாகப் பிடிப்பது இல்லாமல் முடியாது என்பவர்கள், 50 எம்பிக்குக் கீழே இருப்பதைப் பிரவுசரே பார்த்துக்கொள்ளட்டும் என்று ஓர் அளவு வைத்துக்கொள்ளலாம். ஒத்துவராத தளங்களுக்கு விலக்குப் பட்டியலும் பல எக்ஸ்டென்ஷன்களில் இருக்கிறது. என் பட்டியலில் இப்போது ஏழு தளங்கள். முதலில் இருப்பது அந்த 14 கேபி ஜிப்பைக் கொடுத்த தளம்தான்.